கலிஃபோர்னியாவில் ஒரு மக்கள் முன்மொழிவு வாக்குச்சீட்டுக்குச் செல்லும் வழி: பொது விவகார நிறுவனங்களின் பணிமுறை குறித்த முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சட்டமன்றத்தின் துணையின்றி மக்களே நேரடியாகச் சட்டம் இயற்றும் உரிமை, 1911-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நடந்த சிறப்புத் தேர்தலில் நிலைபெற்றது. மாநில அரசியல் முழுவதையும் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் தன் கைக்குள் வைத்திருந்த காலம் அது. அந்தப் பிடியைத் தளர்த்துவதாக வாக்களித்துப் பதவிக்கு வந்த ஆளுநர் ஹைரம் ஜான்சன் இச்சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தினார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1933-இல், கிளெம் விட்டேக்கரும் லியோன் பாக்ஸ்டரும் சேர்ந்து கேம்பெயின்ஸ் இன்கார்ப்பரேட்டட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அரசியல் பிரச்சாரத்தை மட்டுமே முழுநேரத் தொழிலாகக் கொண்ட முதல் நிறுவனம் இதுவே என்று பரவலாகக் கருதப்படுகிறது. அவர்களுடைய தொடக்ககாலப் பணியும் ஒரு பொதுவாக்கெடுப்புதான். மத்தியப் பள்ளத்தாக்கு நீர்த்திட்டச் சட்டத்தை முறியடிக்க பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற மின்நிறுவனம் முயன்றபோது, சட்டத்தைக் காக்கும் தரப்புக்காக 40,000 டாலருக்கும் குறைவான செலவில், வானொலியையும் சிற்றூர் நாளிதழ்களையும் கொண்டு அவர்கள் வென்றார்கள். தோற்ற மின்நிறுவனமே பின்னர் அவர்களை ஆண்டுக் கட்டணத்துக்கு அமர்த்திக்கொண்டது.

மக்களுக்காகத் திறந்த கதவு அது. அதன் வழியே இன்று மிகுதியாக நடமாடுவோர், பொது விவகார நிறுவனங்கள் எனப்படும் ஆலோசனை நிறுவனங்களை நடத்தும் தொழில்முறை ஆலோசகர்கள். அவர்கள் வேலை செய்யும் ஒழுங்கைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவது பற்றி யோசிக்கும் சங்கங்களும் தொண்டு அமைப்புகளும், வாக்குச்சீட்டில் வரும் கேள்விக்குப் பின்னால் நடந்தவற்றை அறிய விரும்பும் வாக்காளர்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கையொப்பம் திரட்டி மக்கள் வாக்குக்கு விடப்படும் சட்ட வரைவையே முன்மொழிவு என்கிறோம். அதன் வெற்றி தோல்வியில் பெரும்பகுதி, முதல் தொலைக்காட்சி விளம்பரம் ஒளிபரப்பாவதற்கு முன்பே, வரைவிலும் தலைப்பிலும் நாட்காட்டியிலும் தீர்மானமாகிவிடுகிறது. அந்தத் தொடக்கக் கட்டங்களுக்குப் பெரும்பணம் தேவையில்லை, கவனம்தான் தேவை. ஆகவே சிறிய அமைப்புகள் தம் உழைப்பைக் குவிக்க வேண்டிய இடமும் அதுவே.

முதல் படி: எந்த வழி என்று முடிவு செய்தல்

பொது விவகார நிறுவனத்திடம் ஒரு வாடிக்கையாளர் வரும்போது, பிரச்சாரம் தேவையா என்பதற்கு முன்பாக எந்த வழியில் செல்வது என்ற கேள்வி எழுகிறது. கலிஃபோர்னியாவில் அடிப்படையில் நான்கு வழிகள் உண்டு. சட்டமன்றத்தை வலியுறுத்தி ஒரு மசோதாவைக் கொண்டுவரவோ தடுக்கவோ செய்யலாம். கையொப்பம் திரட்டிப் புதிய சட்டம் ஒன்றை மக்கள் முன் வைக்கலாம். அதே முறையில், கூடுதல் கையொப்பங்களுடன், மாநில அரசியலமைப்பையே திருத்தலாம். சட்டமன்றம் இயற்றி ஆளுநர் கையெழுத்திட்ட சட்டத்தை 90 நாட்களுக்குள் கையொப்பம் திரட்டி மக்கள் தீர்ப்புக்கு அனுப்பலாம்.

இந்த நான்காவது வழியை நிறுவனங்கள் விரும்புவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. கையொப்பங்கள் தகுதி பெற்றவுடன், வாக்கெடுப்பு முடியும்வரை அந்தச் சட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது. 2014-இல் கையெழுத்தான பிளாஸ்டிக் பை தடைச் சட்டத்துக்கு எதிராகப் பை உற்பத்தியாளர்கள் இவ்வழியில் சென்றார்கள். 2016 நவம்பரில் ஏறத்தாழ 53 சதவீத வாக்காளர்கள் சட்டத்தை ஆதரித்ததால் அவர்கள் தோற்றார்கள். ஆயினும் இடைப்பட்ட காலம் முழுவதும் மாநிலத்தின் பல பகுதிகளில் பைகள் விற்பனையாகின. காலதாமதமே இங்கு வாங்கப்படும் சரக்கு என்பதை எதிர்த்தரப்பினர் தொடக்கத்திலேயே உணர்ந்துகொள்ள வேண்டும்.

மேலும், 2023 வரை இவ்வகை வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்றால் சட்டம் நிலைக்கட்டும் என்றும் ‘இல்லை’ என்றால் நீங்கட்டும் என்றும் பொருளாக இருந்தது. சட்டத்தை எதிர்த்துக் கையொப்பமிட்டவர் வாக்குச்சீட்டில் ‘இல்லை’ என்று குறிக்க வேண்டியிருந்ததால் பலர் குழம்பினார்கள். 2023-இல் வந்த சட்டம், ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்குப் பதிலாகச் சட்டம் நிலைக்கட்டும், சட்டம் நீங்கட்டும் என்ற பொருளுள்ள சொற்களை வைத்தது.

இரண்டாம் படி: குழுவும் கணக்கும்

பிரச்சாரத்தைத் தாங்கும் குழுவை, தேர்தல்களை மேற்பார்வையிடும் அதிகாரியான மாநிலச் செயலாளரிடம் பதிவு செய்து, பொருளாளர் ஒருவரை நியமித்து, தனி வங்கிக் கணக்கு தொடங்குவது அடுத்த வேலை. 1974-இல் மக்கள் முன்மொழிவாகவே நிறைவேறிய அரசியல் சீர்திருத்தச் சட்டமும், அது உருவாக்கிய நியாயமான அரசியல் நடைமுறைகள் ஆணையமும் இந்தக் கணக்குகளை மேற்பார்வையிடுகின்றன. வேட்பாளர்களுக்கு அளிக்கும் நன்கொடைக்கு வரம்பு உண்டு. முன்மொழிவுக் குழுவுக்கு அளிக்கும் நன்கொடைக்கு வரம்பு கிடையாது. நிறுவனங்கள் இத்தகைய வாக்கெடுப்புகளில் பணம் செலவிடுவதைத் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இலும், குழுக்களுக்கு அளிக்கும் நன்கொடைக்கு உச்சவரம்பு விதிக்கக் கூடாது என்று 1981-இலும் தீர்ப்பளித்தது. எனவே கட்டுப்பாடு என்று எஞ்சியிருப்பது வெளிப்படைத்தன்மை ஒன்றே. தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் 1,000 டாலரும் அதற்கு மேலும் வரும் நன்கொடையை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இந்தத் தகவல்களை மாநிலச் செயலாளரின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

தலைமை ஆலோசகர், தேர்தல் சட்ட வழக்கறிஞர், கருத்துக்கணிப்பாளர், கையொப்பம் திரட்டும் நிறுவனம், விளம்பரத் தயாரிப்பாளர், ஒளிபரப்பு நேரம் வாங்குபவர், அஞ்சல் விளம்பரம் அச்சிடுபவர், கூட்டணி ஒருங்கிணைப்பாளர், செய்தித் தொடர்பாளர் என்று ஒரு முழுப் பிரச்சாரத்தில் பல கைகள் இருக்கும். பொது விவகார நிறுவனம் இவர்களைச் சேர்த்துக் கோக்கிறது. இந்த இடத்தில் சிறிய அமைப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒளிபரப்பு நேரம் வாங்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று தரகு பெறுவது இத்தொழிலில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அத்தகைய ஒப்பந்தத்தில், தொலைக்காட்சியில் செலவு கூடக் கூட ஆலோசகரின் வருமானமும் கூடும். வீடு வீடாகச் செல்வதோ தொண்டர்களைப் பயிற்றுவிப்பதோ அவருக்கு ஒரு காசும் ஈட்டித் தராது. ஆகவே மாதக் கட்டணமாகவோ மொத்தக் கட்டணமாகவோ பேசி முடிப்பதும், தரகு உண்டென்றால் அதற்கு உச்சவரம்பை எழுத்தில் பெறுவதும் நல்லது.

வருமான வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனங்கள் வேட்பாளர்களை ஆதரிக்க முடியாது. ஆனால் முன்மொழிவுகளை ஆதரிப்பதைக் கூட்டாட்சி வரிச் சட்டம் சட்டமன்ற வலியுறுத்தலாகவே கருதுவதால், வரம்புக்குட்பட்டு அவை இதில் ஈடுபடலாம். இது தெரியாமல் ஒதுங்கி நிற்கும் அமைப்புகள் பல. மறுபுறம், அரசு நிதியைக் கொண்டு பிரச்சாரம் செய்வதைக் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976-லேயே தடுத்துவிட்டது. நகராட்சியோ பள்ளி நிர்வாகமோ நடுநிலையான தகவலைத் தரலாம், வாக்குக் கேட்கக் கூடாது.

மூன்றாம் படி: வரைவுக்கு முன்னும் பின்னும் கருத்துக்கணிப்பு

முன்மொழிவின் வாசகம் எழுதப்படுவதற்கு முன்பே முதல் ஆய்வு நடக்கிறது. பொதுவாகச் சிறு குழுக்களை அமர்த்திப் பேசவைத்து, மக்கள் அந்தப் பிரச்சினையை என்ன சொற்களில் பேசுகிறார்கள் என்று கேட்டறிவார்கள். அடுத்து மாநில அளவில் கருத்துக்கணிப்பு நடத்துவார்கள். அந்தக் கணிப்பின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். முதலில் வாக்குச்சீட்டில் வரக்கூடிய தலைப்பை மட்டும் படித்துக் காட்டி ஆதரவைக் கேட்பார்கள். பிறகு ஆதரவு வாதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மீண்டும் கேட்பார்கள். அடுத்து, எதிரணி சொல்லக்கூடிய மிகக் கடுமையான வாதங்களைச் சொல்லி மூன்றாம் முறை கேட்பார்கள். கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவது எண்ணையே. தாக்குதலுக்குப் பிறகும் பாதிக்கு மேல் தாங்கவில்லை என்றால், நேர்மையான ஆலோசகர் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆதரவு தொடக்கத்தில் 60 சதவீதத்துக்கு அருகில் இல்லாமல் களமிறங்கக் கூடாது என்பது இத்தொழிலில் வாய்மொழியாக வழங்கும் விதி. அதன் பின்னுள்ள அனுபவம் எளியது: ஐயம் எழுந்தால் வாக்காளர் ‘இல்லை’ என்றே குறிப்பார். 2012-இல் மரபணு மாற்றிய உணவுகளுக்கு அடையாளச்சீட்டு கோரிய முன்மொழிவு 37, செப்டம்பர் மாதக் கணிப்பில் 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு பெற்றிருந்தது. எதிர்த்தரப்பு 4 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, மளிகைச் செலவு ஏறும் என்றும், செல்லப்பிராணி உணவுக்குச் சீட்டு வேண்டும் ஆனால் மனிதர் உண்ணும் இறைச்சிக்கு வேண்டாமா என்றும் கேட்டது. நவம்பரில் முன்மொழிவு 48.6 சதவீதத்தோடு நின்றது. அந்த இறைச்சிக் கேள்விக்கு இடம் கொடுத்தது வரைவில் இருந்த விலக்குகள்தான். விளம்பரம் அதைச் சுட்டிக்காட்ட மட்டுமே செய்தது.

நான்காம் படி: வரைவும் தலைப்பும்

வழிகாட்டியின் மற்றப் பகுதிகளை விரைந்து படிப்பவர்களும் இந்தப் பகுதியில் நின்று செல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். சட்ட வாசகத்தை எழுதும்போது மூன்று வாசகர்களை மனத்தில் நிறுத்த வேண்டும்: தலைப்பு எழுதப்போகும் மாநிலத் தலைமை வழக்கறிஞர், ஓட்டை தேடப்போகும் எதிரணி, பின்னாளில் விசாரிக்கப்போகும் நீதிபதி.

நீதிமன்றத்திலிருந்து தொடங்குவோம். ஒரு முன்மொழிவு ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. மாநிலத்தின் அடிப்படை ஆட்சியமைப்பையே மாற்றும் அளவுக்குப் பெரிய திருத்தத்தைக் கையொப்பங்களின் வழியே செய்ய முடியாது என்பது இன்னொன்று. 2018 ஜூலையில், கலிஃபோர்னியாவை மூன்று மாநிலங்களாகப் பிரிக்கும் முன்மொழிவைத் தகுதி பெற்ற பிறகு மாநில உச்ச நீதிமன்றம் வாக்குச்சீட்டிலிருந்து நீக்கியது. 2024 ஜூனில், வரி உயர்த்தும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமிருந்து பெருமளவு பறிக்கும் முன்மொழிவையும் அவ்வாறே நீக்கியது. பெரும்பணம் செலவழித்துத் திரட்டிய கையொப்பங்கள் ஒரே தீர்ப்பில் வீணாயின. வழக்கறிஞர் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் நினைவில் கொள்ளட்டும்.

வரைவு முடிந்ததும் 2,000 டாலர் கட்டணத்துடன் தலைமை வழக்கறிஞரிடம் அளிக்க வேண்டும். முன்மொழிவு தகுதி பெற்றால் இத்தொகை திரும்பக் கிடைக்கும். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முப்பது நாட்கள் பொதுமக்கள் கருத்துக்காக வரைவு வெளியில் இருக்கும். அந்தக் காலத்தில் வரைவின் நோக்கத்தை ஒட்டிய திருத்தங்களைச் செய்துகொள்ளலாம். அரசுக்கு ஏற்படும் செலவும் வரவும் எவ்வளவு என்பதைச் சட்டமன்ற நிதி ஆய்வாளர் அலுவலகமும் நிதித்துறையும் மதிப்பிடும். இறுதியில் 100 சொற்களுக்குள் தலைப்பும் சுருக்கமும் வரும். தாக்கல் செய்த நாளிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மாதங்கள் இவ்வாறு கழிந்துவிடும்.

தலைப்பு எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2018-ஆம் ஆண்டு முன்மொழிவு 6 போதும். அதற்கு முந்தைய ஆண்டு உயர்த்தப்பட்ட எரிபொருள் வரியை நீக்குவதே அதன் சாரம். முன்வைத்தவர்கள் ‘எரிபொருள் வரி ஒழிப்பு’ என்று பேசினார்கள். வாக்குச்சீட்டின் தலைப்போ, சாலைப் பழுதுபார்ப்புக்கும் போக்குவரத்துக்கும் உரிய குறிப்பிட்ட நிதியை நீக்குவது என்று தொடங்கியது. ஏறத்தாழ 57 சதவீதத்தினர் எதிராக வாக்களித்தனர். இரண்டு விவரிப்புகளும் உண்மையே. ஆனால் வாக்குச்சாவடிக்குள் வாக்காளரோடு வரும் விவரிப்பு ஒன்றே ஒன்றுதான். அதை எழுதுபவர் கட்சி சார்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிகாரி. இது கலிஃபோர்னிய முறையின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். நடைமுறையில் நிறுவனங்கள் இதைச் சமாளிக்கும் விதம் வேறு. ஒரே நோக்கத்துக்குச் சிறு வேறுபாடுகளுடன் இரண்டு மூன்று வரைவுகளைத் தாக்கல் செய்து, கிடைக்கும் தலைப்புகளைக் கணிப்பில் சோதித்து, நன்றாக நிற்பதை மட்டும் கையொப்பத்துக்குக் கொண்டு செல்வார்கள்.

சட்டத்தின் உள்ளே எழுதப்படும் குறும்பெயர் முன்வைப்பவரின் கையில் இருக்கிறது. 2010-இல் நகராட்சிகள் பொது மின்விநியோகம் தொடங்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்று கோரிய முன்மொழிவு 16-க்கு, வரி செலுத்துவோரின் வாக்குரிமைச் சட்டம் என்று பெயரிடப்பட்டது. 2020-இல் செயலி வழி ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதும் சட்டத்திலிருந்து ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்த முன்மொழிவு 22-இன் பெயர், செயலி வழி ஓட்டுநர்களையும் சேவைகளையும் பாதுகாக்கும் சட்டம். வாக்காளர்கள் குறும்பெயரைத் தாண்டி வாசகத்தின் முதல் இரண்டு பிரிவுகளையாவது படித்துப் பார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: கையொப்பம்

தேவையான எண்ணிக்கை கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. சாதாரணச் சட்டத்துக்கு 5 சதவீதம், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8 சதவீதம். 2022 தேர்தலின்படி முறையே 5,46,651, 8,74,641. திரட்ட 180 நாட்கள் அவகாசம்.

உண்மையில் திரட்ட வேண்டியது இதைவிட மிக அதிகம். கவுண்டி எனப்படும் மாவட்டம் போன்ற பிரிவுகளின் தேர்தல் அலுவலகங்கள் எல்லாக் கையொப்பங்களையும் சரிபார்ப்பதில்லை. 3 சதவீதம் அல்லது 500, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு மாதிரி எடுத்துச் சோதிக்கின்றன. மாதிரியின்படி செல்லத்தக்க கையொப்பங்கள் தேவையில் 110 சதவீதத்தை எட்டினால் முன்மொழிவு அப்போதே தகுதி பெறும். 95 சதவீதத்துக்குக் கீழே போனால் தோற்கும். இரண்டுக்கும் இடைப்பட்டால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், அதற்குள் கெடு முடிந்துவிடக்கூடும். ஆகவே இலக்கு 110 சதவீதம், அதாவது சாதாரணச் சட்டத்துக்கு ஏறத்தாழ 6 லட்சம் செல்லும் கையொப்பங்கள். நூற்றுக்கு 75 செல்லும் என்று வைத்துக்கொண்டால், 8 லட்சம் பெயர்களைத் திரட்டியாக வேண்டும். கையொப்பம் ஒன்றுக்கு ஆகும் செலவு சந்தை நிலவரப்படி ஏறி இறங்கும். பல முன்மொழிவுகள் ஒரே பருவத்தில் போட்டியிட்ட அண்மை ஆண்டுகளில் 10 டாலரையும் தாண்டியிருக்கிறது. அந்த விலையில் இந்த ஒரு படிக்கே 80 லட்சம் டாலர் ஆகும்.

செல்லாக் கையொப்பங்களில் மிக ஆபத்தானது இரட்டைக் கையொப்பம். முகவரி பிழையானால் இழப்பு ஓரளவோடு நிற்கும். ஒரே நபர் இருமுறை கையொப்பமிட்டது 3 சதவீத மாதிரிக்குள்ளேயே அகப்பட்டால், முழுத் தொகுப்பில் அத்தகைய இரட்டைகள் ஏராளமாக இருக்க வேண்டும் என்று சூத்திரம் முடிவு செய்கிறது. அகப்படும் ஒவ்வோர் இரட்டைக்கும் ஏறத்தாழ ஆயிரம் கையொப்பங்கள் கழிக்கப்படும். இதனால்தான் தேர்ந்த நிறுவனங்கள் வாரந்தோறும் வந்து சேரும் தாள்களை வாக்காளர் பட்டியலோடு தாமே ஒப்பிட்டு, பிழை மிகுந்த சேகரிப்பாளர்களை உடனே நிறுத்திவிடுகின்றன. தொண்டர் அமைப்புகளும் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு தாளிலும் ஒரே கவுண்டியைச் சேர்ந்தவர்கள் மட்டுமே கையொப்பமிட வேண்டும் என்பதும், பெயரையும் முகவரியையும் வாக்காளரே எழுத வேண்டும் என்பதும், திரட்டியவர் தாளின் அடியில் உறுதிமொழி அளிக்க வேண்டும் என்பதும் மறக்கக் கூடாத விதிகள்.

சேகரிப்பாளருக்குக் கூலி கொடுப்பதை மாநிலங்கள் தடைசெய்ய முடியாது என்று 1988-இல் கொலராடோ வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஓரிகன் மாநிலம் கையொப்பத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுப்பதை மட்டும் 2002-இல் தடைசெய்தது. கலிஃபோர்னியாவில் அத்தடை இல்லை. கடைவாசலில் நிற்பவர் ஒரே பலகையில் நான்கைந்து மனுக்களை வைத்துக்கொண்டு, கூலி அதிகமுள்ளதை மேலே வைப்பது இதன் விளைவு. அவர் கூலிக்கு வந்தவரா தொண்டரா என்று கேட்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு. அந்த உரிமை மனுத் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 2020 முதல் அதிகம் பணம் கொடுத்தவர்களின் பெயர்களையும் மனுவோடு காட்ட வேண்டும் என்ற சட்டமும் நடப்பில் உள்ளது.

தொண்டர்களைக் கொண்டே இதைச் செய்ய இயலுமா என்றால், இயலும். 2018-இல் மிச்சிகன் மாநிலத்தில் தொகுதி எல்லைகளை வரையும் பணியை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்துத் தனி ஆணையத்திடம் ஒப்படைக்கும் திருத்தத்துக்கு, வோட்டர்ஸ் நாட் பாலிட்டிஷியன்ஸ் என்ற அமைப்பின் தொண்டர்கள் 4,25,000-க்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினார்கள். தேவைப்பட்டது 3,15,654. நவம்பரில் 61 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது.

ஆறாம் படி: பேரத்துக்கான காலம்

தேவையான கையொப்பங்களில் 25 சதவீதம் சேர்ந்ததும் மாநிலச் செயலாளருக்கு அறிவிக்க வேண்டும். சட்டமன்றக் குழுக்கள் அதன்மீது விசாரணை நடத்தும். தேர்தலுக்கு 131 நாட்களுக்கு முன்பு வரை, தகுதி பெறும் நிலையில் உள்ள முன்மொழிவையும் அதைக் கொண்டுவந்தவர்கள் திரும்பப் பெறலாம். எனவே தேர்தல் ஆண்டின் ஜூன் மாதக் கடைசி வாரம் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் மிகப் பரபரப்பான பேரக் காலமாகிவிட்டது.

2018 ஜூன் 28-ஆம் நாள் ஒன்றே இதன் இரு முகங்களையும் காட்டும். நில வணிகரான அலஸ்டர் மக்டகர்ட் நுகர்வோர் தரவுப் பாதுகாப்புக்காகக் கையொப்பம் திரட்டியிருந்தார். முன்மொழிவு வாக்குச்சீட்டுக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய சட்டமன்றம், நாட்டிலேயே முன்னோடியான தரவுரிமைச் சட்டத்தைச் சில நாட்களில் இயற்றியது. அவர் முன்மொழிவைத் திரும்பப் பெற்றார். அதே நாளில், உள்ளாட்சிகள் எந்த வரியை விதிப்பதையும் கடினமாக்கும் முன்மொழிவைக் கையில் வைத்திருந்த குளிர்பான நிறுவனங்கள், அதை விலக்கிக்கொள்வதற்கு ஈடாக, 12 ஆண்டுகளுக்குப் புதிய உள்ளூர் குளிர்பான வரிகளுக்குத் தடையைப் பெற்றன. அந்தத் தடைக்கு மக்களில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. திரும்பப் பெறும் ஏற்பாடு, பிழைகளைத் திருத்தவும் சமரசம் காணவும் கொண்டுவரப்பட்டது. பணமுள்ளவர்கள் கையில் அது சட்டமன்றத்தை மிரட்டும் கருவியாகவும் ஆகிறது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

பேரத்தில் அமரும் அமைப்புகள், எதைப் பெற்றால் விலகலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதை மே மாதத்துக்குள் எழுத்தில் முடிவு செய்திருப்பது நல்லது. ஜூன் கடைசியில் கூட்டாளிகளைக் கலந்தாலோசிக்க நேரம் இருக்காது.

ஏழாம் படி: யார் வாயால் சொல்வது

கூட்டணி திரட்டுவது தலைவர்களின் பெயர்ப்பட்டியலைச் சேர்ப்பது மட்டுமாக ஆகிவிடக் கூடாது. செவிலியர், தீயணைப்பு வீரர், ஆசிரியர், சிறுவணிகர் ஆகியோரின் சொல்லை வாக்காளர்கள் நம்புவதால் அவர்களுடைய சங்கங்களின் ஆதரவுக்கு எல்லாத் தரப்பும் போட்டியிடுகின்றன. சங்கங்களின் ஒப்புதல் நடைமுறைக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், கையொப்பம் திரட்டும்போதே அவர்களை அணுகத் தொடங்க வேண்டும். முன்மொழிவு 22-இல் நிறுவனங்கள் ஓட்டுநர்களையே விளம்பரங்களில் பேசவைத்ததோடு, தம் செயலிகளின் வழியாகவும் ஓட்டுநர்களுக்கும் பயணிகளுக்கும் செய்தி அனுப்பின. வேறெந்தப் பிரச்சாரத்துக்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு அது.

பேசுபவரின் அடையாளத்தில் சிறு பிசகும் பெரும் கேடு விளைவிக்கும். முன்மொழிவு 37-க்கு எதிரான ஒரு விளம்பரத்தில் பேசியவரை அறிமுகப்படுத்திய விதத்துக்கு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஆட்சேபம் தெரிவித்ததால் விளம்பரத்தை மாற்ற வேண்டியதாயிற்று. தொழிலின் பணத்தில் இயங்கும் ஓர் அமைப்புக்குப் பொதுமக்கள் இயக்கம் போன்ற பெயரைச் சூட்டுவது இதைவிட மோசமான வழக்கம். 2017-இல் இயற்றிய சட்டம் விளம்பரங்களில் 50,000 டாலரும் அதற்கு மேலும் கொடுத்த முதல் மூன்று பேரைக் காட்டச் சொன்ன பிறகு, அந்த முகமூடி ஓரளவுக்கேனும் கிழிந்திருக்கிறது.

எட்டாம் படி: அரசுக் கையேட்டின் பக்கங்கள்

மாநிலச் செயலாளர் அச்சிட்டு வீடுதோறும் அனுப்பும் வாக்காளர் தகவல் கையேட்டில் இரு தரப்புக்கும் 500 சொற்கள் வரை வாதமும் 250 சொற்கள் வரை மறுப்பும் இடம்பெறும். கையொப்பமிட மூன்று பேருக்கு இடமுண்டு. இதற்குக் கட்டணம் இல்லை. பணமில்லாத தரப்புக்கு இதைவிடப் பெரிய மேடை வேறு கிடையாது. அச்சுக்கு முன் 20 நாட்கள் வாதங்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் வரிகளை நீக்கக் கோரி சாக்ரமெண்டோ நீதிமன்றத்தை நாடலாம். எதிர்த்தரப்பின் ஒவ்வொரு எண்ணையும் இந்த நாட்களில் சரிபார்ப்பதற்கென்றே ஒருவரை ஒதுக்கி வைக்கவும்.

ஒன்பதாம் படி: கடைசி எட்டு வாரங்கள்

பதிவுபெற்ற வாக்காளர்கள் அனைவருக்கும் அஞ்சல் வாக்குச்சீட்டு தேர்தலுக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன்பே கிடைக்கத் தொடங்குவதால், வாக்குப்பதிவு ஒரு நாளில் நடப்பதாகத் திட்டமிடக் கூடாது. செப்டம்பர் நடுவிலிருந்து விளம்பரங்கள் ஓட வேண்டும். பல பெயர்களை வரிசையாக இட்டு அஞ்சலில் வரும் பரிந்துரைச் சீட்டுகளில் பணம் கொடுத்து இடம் பெற்றவை நட்சத்திரக் குறியோடு இருக்கும். அவற்றை வாங்கும் பிரச்சாரங்கள் அந்தச் சீட்டு யாரால் நடத்தப்படுகிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பணத்தின் வலிமையைப் பற்றி இங்கே தெளிவாகப் பேசலாம். எதிர்ப்பைப் பணத்தால் உருவாக்குவது எளிது, ஆதரவை உருவாக்குவது அரிது. 2022-இல் விளையாட்டுச் சூதாட்டம் குறித்த முன்மொழிவுகள் 26, 27 ஆகியவற்றைச் சுற்றி இரு தரப்பும் சேர்ந்து 45 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. இணையப் பந்தய நிறுவனங்கள் கொண்டுவந்த 27, வீடற்றோர் நலனுக்கு நிதி தருவது என்று முன்னிறுத்தப்பட்டும், 82 சதவீத எதிர்ப்பில் வீழ்ந்தது. பழங்குடி அமைப்புகளின் ஆதரவு பெற்ற 26-உம் தோற்றது. 2010-இல் முன்மொழிவு 16-க்காக பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் மின்நிறுவனம் 4.6 கோடி டாலர் செலவிட்டது. எதிரணியிடம் ஒரு லட்சம் டாலர் அளவே இருந்தது. நாளிதழ்த் தலையங்கங்களும் நகராட்சிகளின் எதிர்ப்பும், யார் பணம் தருகிறார்கள் என்ற ஒற்றைத் தகவலும் சேர்ந்து அதைத் தோற்கடித்தன. 1988-இல் காப்பீட்டு நிறுவனங்கள் 6 கோடி டாலருக்கு மேல் இறைத்தும், நுகர்வோர் தரப்பின் முன்மொழிவு 103 நூலிழையில் வென்றது. முன்மொழிவு 22-இல் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு நிறுவனங்கள் 58.6 சதவீதத்தோடு வென்றதும் உண்மையே. ஆனால் அங்கே வாக்காளர்கள் அன்றாடம் பயன்படுத்திய ஒரு சேவை ஏற்கெனவே கைவசம் இருந்தது, எதிரணியின் செலவு 2 கோடி டாலர் அளவே.

ஆகவே பணம் குறைந்த எதிர்ப்பணிக்கு என் பரிந்துரை: பத்து வாதங்களை விட்டுவிட்டு, நன்கொடையாளர் யார் என்பதையும், வரைவில் உள்ள ஒரு திட்டவட்டமான ஓட்டையையும் மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை பேசவும்.

சட்டமன்றத்தை நோக்கிய பிரச்சாரம்

முதல் படியிலேயே வாக்குச்சீட்டைத் தவிர்த்துச் சட்டமன்ற வழியைத் தேர்ந்தவர்களுக்கும் உத்திகள் பெரிதாக மாறுவதில்லை. விட்டேக்கரும் பாக்ஸ்டரும் 1945-இல் ஆளுநர் ஏர்ல் வாரனின் கட்டாய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கலிஃபோர்னிய மருத்துவர் சங்கத்துக்காக எதிர்த்து முறியடித்தார்கள். பின்னர் அதிபர் ட்ரூமனின் தேசியத் திட்டத்தை எதிர்க்க அமெரிக்க மருத்துவர் சங்கம் உறுப்பினருக்கு 25 டாலர் வீதம் வசூலித்து அவர்களை அமர்த்தியது. நாடெங்கும் சங்கங்களிடம் எதிர்ப்புத் தீர்மானங்கள் பெறுவது, நாளிதழ்களில் விளம்பர இடம் வாங்குவது, மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளில் துண்டறிக்கைகள் வைப்பது ஆகியவையே அன்றைய கருவிகள். தொகுதி மக்களைக் கொண்டு உறுப்பினரை அழைக்கவைப்பதும், அவர் மதிக்கும் நான்கைந்து பெரியவர்களை நேரில் பேசவைப்பதும் இன்றைய வடிவங்கள். கலிஃபோர்னியாவில் இத்தகைய வலியுறுத்தலுக்கு ஆகும் செலவையும் அமர்த்துவோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்க வேண்டும்.

பத்தாம் படி: வாக்குப்பதிவுக்குப் பிறகு

வென்ற முன்மொழிவு, அதன் வாசகம் வேறு நாளைக் குறிக்காவிட்டால், மாநிலச் செயலாளர் முடிவைச் சான்றளித்த ஐந்தாம் நாள் நடைமுறைக்கு வருகிறது. மக்கள் இயற்றிய சட்டத்தை, அந்தச் சட்டமே இடம் தராவிட்டால், மக்களின் ஒப்புதலின்றிச் சட்டமன்றம் திருத்த முடியாது. இதனால் திருத்தத்துக்கான பிரிவை வரைவிலேயே எப்படி எழுதுகிறோம் என்பது பல்லாண்டு விளைவுகளைத் தருகிறது. முன்மொழிவு 22, சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் எட்டில் ஏழு பங்கு ஆதரவு இருந்தால் மட்டுமே திருத்தலாம் என்று எழுதிக்கொண்டது. நடைமுறையில் அது திருத்தவே முடியாத சட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அதை எதிர்த்த வழக்கு கீழ்நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் பெரும்பாலும் தோற்று, 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றத்தில் முன்மொழிவுக்குச் சாதகமாக முடிந்தது. வழக்குக்கான நிதியைத் தேர்தல் நாளுக்கு முன்பே ஒதுக்கி வைத்திருக்கும் தரப்பே இந்த ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்கும்.

குழுவின் மீதக் கடன்களைத் தீர்த்து, இறுதிக் கணக்கை அளித்து, பதிவை முடித்துக்கொள்வது பொருளாளரின் பொறுப்பு. நன்கொடை, செலவு பற்றிய ஆவணங்களை நான்கு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தணிக்கை அறிவிப்பு பெரும்பாலும் ஆலோசகர்கள் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்ட பிறகே வரும் என்பதால், அந்த ஆவணங்களின் முழுப் பிரதியொன்றை அமைப்பின் சொந்த அலுவலகத்தில் வைத்துக்கொள்ளும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவும்.